மூன்று ஏக்கர் நெல்லுக்கு ஒரு காதுகுத்து

எனக்குக் காது இரண்டு தடவை குத்தியிருக்கிறார்கள். முதல் தடவை ஒரு வயதில், குலசாமி கோயிலில், முறைப்படி. இரண்டாம் தடவை ஒன்பது வயதில், மூன்று ஏக்கர் நெல்லுக்காக. முதலாவது எனக்கு ஞாபகமில்லை. இரண்டாவதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

எங்கள் ஊர் கோச்சடையைத் தாண்டி மேற்கே, வாய்க்கால் ஓரமாக இருந்தது. ஊருக்கு வடக்கே அரை மணி நேர நடையில், கண்மாய்க்கரையை ஒட்டி, சிலோனிலிருந்து படகேறி வந்தவர்களுக்கு முகாம் போட்டிருந்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. கித்தான் கூரையும் தகரத் தட்டியுமாக வரிசை வரிசையாக வீடுகள். வந்த கொஞ்ச நாளிலேயே அங்குள்ளவர்கள் எங்கள் வயலுக்கு வேலைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். அதுவரை எங்கள் வயலில் அறுத்துக்கொண்டிருந்த கீழத்தெருப் பெண்களை அப்பா நிறுத்திவிட்டார். கீழத்தெருவுக்குக் கொடுத்த கூலி நெல்லில் பாதியைத்தான் முகாம் ஆட்களுக்குக் கொடுத்தார். அவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். "அமைதியான சனங்க, ஒரு பேச்சு எதுத்துப் பேச மாட்டாக" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மெச்சுவார். நானும் அதை அவர்களுடைய சுபாவம் என்றே நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆட்களைச் சேர்த்துக் கூட்டிவருகிற அம்மாளை நாங்கள் சிலோன்காரம்மா என்று கூப்பிடுவோம். நாற்பது வயது இருக்கும். சொந்த ஊரில் அவருக்கு எங்களைவிடப் பெரிய வயல் இருந்ததாம். அரிவாள் பிடிக்கிற விதத்திலேயே அது தெரியும் என்று அம்மா சொல்வார். ஒரு பிடி நெல்தாளை அறுத்துக் கீழே வைத்தால் நுனி கலையாது. எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் பேசுகிற தமிழைக் கேட்பதற்காகவே வரப்பில் போய் உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருடம் முகாமில் கெடுபிடி வந்தது. மேலேயிருந்து உத்தரவு என்றார்கள், அதற்கு மேல் யாருக்கும் விவரம் தெரியவில்லை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஆள் எண்ணினார்கள். வாசலில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே கூலி வேலைக்குப் போகக்கூடாது. போனது தெரிந்தாலோ, எண்ணும்போது ஆள் இல்லாவிட்டாலோ அகதி அட்டையை வாங்கிக்கொள்வார்கள். அட்டை போனால் மாதாமாதம் கிடைக்கிற அரிசி போயிற்று. வேறு முகாமுக்குத் தூக்கியடிப்பதும் உண்டு.

எங்கள் நெல்லுக்கு இந்த உத்தரவு தெரியாது. அது பாட்டுக்கு விளைந்து, கதிர் கனத்துத் தலை சாய்ந்துவிட்டது. ஐப்பசி பிறக்கப்போகிறது. தினமும் மத்தியானத்துக்கு மேல் மேற்கே கருக்கல் கட்டும், பிறகு கலையும். ஒரு நல்ல மழை அடித்தால் பயிர் மொத்தமும் படுத்து, கதிரிலேயே முளைத்துவிடும். வருடச் சாப்பாடும் அதுதான், விதைநெல்லும் அதுதான். அப்பா சாப்பிடும்போது பாதியில் எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்காருவார்.

வேறு வழியில்லாமல் கீழத்தெருவுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சின்னப்பிள்ளை கூட இருந்தால் திட்டமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். அங்கே அறுப்பாட்களுக்குத் தலைமையாக இருந்த அம்மாள் முறத்தைக் கீழே வைக்காமலேயே பேசினார்.

"ரெண்டு வருசமா நாங்க வேணாம்ல ஐயா? இப்ப என்ன திடீர்னு?"

"அதை மனசுல வைக்காதத்தா. நெல்லுக் கருது கொட்டிரும்."

"மனசுல ஒண்ணும் வைக்கலை. மூணு பேருக்குத் தேதி குடுத்துட்டோம். அதை முடிச்சுட்டு வாரோம். பத்து நாளாகும்."

பத்து நாள் வானம் பொறுக்காது என்பது அந்த அம்மாளுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் திருநகரிலிருந்து என் தாய்மாமா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எந்தச் சிக்கலுக்கும் மாமாவிடம் ஒரு யோசனை இருக்கும். அந்த யோசனையால் வருகிற சிக்கலுக்கு இன்னொன்று இருக்கும்.

"மச்சான், முகாம்ல நல்லது கெட்டதுக்கு வெளிய விடுவாகள்ல?"

"கல்யாணம், சாவுன்னா எழுதிக் குடுத்துட்டுப் போலாம்னு சொல்றாக."

"அப்பறம் என்ன? நம்ம பிள்ளைக்குக் காதுகுத்துன்னு எழுதிக் குடுப்போம். சொந்தக்காரவக, அந்தக் காலத்துல சிலோனுக்குப் போன வகைன்னு சொல்லுவோம். காலையில வாராக, அறுக்குறாக, சாயங்காலம் போறாக."

"அவளுக்குத்தான் குத்தியாச்சே?" என்றார் அம்மா.

"அது ஆபீசருக்குத் தெரியவா போகுது?"

மறுநாள் மாமா மஞ்சள் தடவிய கடிதத்தை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து முகாம் அதிகாரியைப் பார்க்கப் போனார். இருபத்தைந்து பேருக்கு அனுமதி வாங்கிக்கொண்டு வெற்றி வீரராகத் திரும்பினார். ஆறு மணிக்குள் எல்லாரும் திரும்பிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினார். கடைசியாக, "உங்க குடும்பத்தோட அவசியம் வரணும் சார், வராம இருந்துறாதீகன்னு ரெண்டு தடவை சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார்.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். "அவரை எதுக்கு மாப்ள கூப்பிட்ட?"

"பத்திரிகையைக் கையில குடுத்துட்டு வாங்கன்னு சொல்லாம எந்திரிக்க முடியுமா மச்சான்? மனுசன் என்ன நினைப்பாரு?"

அப்பாவே போயிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

குறித்த நாளில் முகாம் ஆட்கள் எட்டு மணிக்கெல்லாம் வந்தார்கள். காதுகுத்துக்குப் போகிறவர்கள் போலத் தெரிய வேண்டுமே, எல்லாரும் இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டித் தலையில் பூ வைத்திருந்தார்கள். பம்பு செட்டு அறைக்குள் போய்ப் பழசை மாற்றிக்கொண்டு வயலில் இறங்கினார்கள். அன்றைக்கு அவர்கள் அறுத்த வேகத்தை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை. பத்தரை மணிக்குள் ஒரு ஏக்கர் முடிந்துவிட்டது.

பதினோரு மணிக்கு அதிகாரியின் ஜீப் வந்தது.

மாமா வரப்பில் விழுந்தடித்து ஓடினார். பெண்கள் பம்பு செட்டுக்குள் போய் மறுபடி நல்ல சேலையைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மா என்னை இழுத்துப் பட்டுப்பாவாடைக்குள் நுழைத்தார். பக்கத்துத் தெரு ஆசாரியைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்தார்கள். அதிகாரி ஒரு எவர்சில்வர் டம்ளரைப் பரிசாகக் கொண்டுவந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் காதில் ஏற்கனவே தோடு இருந்தது. மாமா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "எங்க வழக்கத்துல மேல்காதுதான் சார் விசேசம்" என்றார்.

மேல்காது குருத்தெலும்பு. வேண்டாம், வேண்டாம் என்று கத்தினேன். மாமா என் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஊரே கேட்கிற மாதிரி அழுதேன். அம்மா வாயில் வெல்லம் திணித்தார். அப்பா விசிறினார். சிலோன்காரம்மா முன்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதை பிள்ளை, முடிஞ்சுது, முடிஞ்சுது" என்றார். இரண்டு காதும் முடிகிறவரை அந்தக் கையை விடவில்லை. உள்ளங்கை முழுக்க நெல்தாள் கிழித்த கீறல்கள், என் கையில் சொரசொரவென்று உரசின.

வேலையாட்களுக்கென்று பொங்கிய சாம்பார் சோற்றையே விருந்தாகப் பரிமாறினார்கள். அதிகாரி இலையில் குனிந்திருந்தவர் ஒரு தடவை நிமிர்ந்து எதிர்வரிசையைப் பார்த்தார். பூ வைத்த பெண்கள். சேலைக் கரைக்குக் கீழே எல்லார் காலிலும் ஈரச் சேறு. அவர் பார்த்ததை அப்பாவும் பார்த்தார். அதிகாரி மோர் வாங்கிக் குடித்தார், கை கழுவினார். போகும்போது, "மழை வரும் போலருக்கு. ஆறு மணி, மறந்துறாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இரண்டு மணி நேரம் போய்விட்டது. மறுபடி வயலில் இறங்கி, அறுத்ததைக் கட்டிக் களத்துக்குச் சுமந்து, படுதா போட்டு மூடினார்கள். ஐந்து மணிக்கு அரை ஏக்கர் மிச்சம் இருந்தது. மேற்கே நன்றாக இருட்டிவிட்டது, காற்றில் மண் வாசனை வந்தது. பெண்கள் அரிவாளைக் கழுவ வாய்க்காலுக்குப் போனார்கள். நான் காதில் மஞ்சளும் எண்ணெயுமாக வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

"இந்த ஒரு துண்டுதான்த்தா. முடிச்சுட்டா வேலை தீந்துரும்" என்றார் அப்பா.

சிலோன்காரம்மா வானத்தைப் பார்த்தார். "ஆறு மணிக்கு எண்ணுவினம் ஐயா."

"இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குல்ல. ஆளுக்கு ரெண்டு பாத்திகூட வராது."

அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்து ஏதோ சொன்னார். இருபத்தைந்து பேரும் திரும்ப வயலில் இறங்கினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் நெல்மேல் அவருக்கு எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் கட்டு களத்துக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் நல்ல சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடியே ஓடினார்கள். மாமா சிலோன்காரம்மாவை மட்டுமாவது கொண்டுபோய் விடலாம் என்று மோட்டார் சைக்கிளை உதைத்தார். மற்றவர்களை விட்டுவிட்டு அவர் ஏறவில்லை. முகாம் வாசலை அவர்கள் தொடும்போது மணி ஏழு.

அட்டைகளை வாங்கிவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரு மாத அரிசி இல்லை. கூட்டிக்கொண்டு போனவர் என்று சிலோன்காரம்மாவையும் அவர் பிள்ளைகளையும் வடக்கே எங்கோ ஒரு முகாமுக்கு மாற்றினார்கள். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போன அதிகாரிதான் கையெழுத்துப் போட்டாராம். அவரையும் மேலே யாரோ கேள்வி கேட்டிருப்பார்கள். அப்பா இரண்டு மூட்டை நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு முகாமுக்குப் போனார். வெளியார் சாமானை உள்ளே விடக்கூடாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அப்பா திண்ணையில் உட்கார்ந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அந்தம்மா முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? நான் என்ன பிடிச்சா வச்சிருந்தேன்? சொல்லிருந்தா விட்ருப்பேனே" என்றார்.

எனக்கு அப்பா சொன்னது நியாயமாகவே பட்டது. சிலோன்காரம்மா மேல் கோபமாகக்கூட இருந்தது. சொல்லியிருக்கலாமே என்று நானும் நினைத்தேன். நான் வேண்டாம் என்று கத்தியபோது காது குத்தாமல் விடவில்லைதான். ஆனாலும் ஒருவர் வெல்லம் கொடுத்தார், ஒருவர் விசிறினார், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். வலித்தால் அழலாம், அழுதால் நாலு பேர் ஓடி வருவார்கள், அது உலகத்தில் எல்லாருக்கும் உள்ளதுதான் என்று ஒன்பது வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.