வெள்ளைக்காரனுக்கு ஐந்து மாதம்

வீட்டில் இருந்தே படிக்கும் பிள்ளைகளுக்குச் சரித்திரப் பாடத்திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். பிள்ளையைப் படிக்கச் சம்மதிக்க வைப்பதற்குள், பெற்றவர்களைச் சம்மதிக்க வைக்கவே பாதி உயிர் போய்விடும்.

கோல சிலாங்கூர் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் பல வருடம் சரித்திரம் சொல்லிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள் நான். இப்போது செரண்டாவிலிருந்து தஞ்சோங் காராங் வரை சில குடும்பங்களுக்கு நான்காம், ஐந்தாம் படிவப் பாடங்களை, அதாவது பத்தாம், பதினொன்றாம் வகுப்புச் சரித்திரத்தை, போட்டுக் கொடுக்கிறேன். எந்த வாரம் எதைப் படிப்பது, எங்கே போய்ப் பார்ப்பது, யாரிடம் பேசுவது, என்ன எழுதுவது என்று எல்லாம் அதில் இருக்கும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பிள்ளைகள் என் வீட்டுக் கார் நிற்கும் இடத்தில் கூடுவார்கள். சொந்தப் பிள்ளைக்கு வீட்டில் பாடம் சொல்லி அவதிப்படுகிற உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. துணைக்கு இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுதல், அவ்வளவுதான்.

மூன்று வாரம் போதாதா?

செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கும் முனியாண்டி, மகள் தாரணியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். தாரணிக்குப் பதினாறு வயது. பேச்சு திக்கும். பள்ளியில் அவள் எழுந்து வாசித்தால் பின்வரிசையில் யாராவது அதேபோல் திக்கிக் காட்டுவார்களாம். ஒருநாள் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, இனிமேல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அப்பா இரண்டு மாதம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே படிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

“கணக்குக்கும் சயன்ஸுக்கும் டைம் வேணும் டீச்சர். இந்த செஜாராவ மூணு வாரத்துல முடிச்சிடலாம் லா” என்றார், சரித்திரத்தை மலாயில் சொல்லி. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் சரித்திரம் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. பதினெட்டு மாதத் திட்டத்தை மணிலா அட்டையில் எழுதி மேசையில் விரித்தேன். தாரணி குனிந்து பார்த்தாள். அப்பா ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார்.

“வெள்ளைக்காரன் நாட்ட விட்டுப் போயி எத்தனையோ வருஷமாச்சு, நீங்க இன்னும் அவனுக்கு அஞ்சு மாசம் குடுக்கிறீங்களே டீச்சர்!”

மலைமேல் ஆதாரம்

கோல சிலாங்கூரில் உள்ள புக்கிட் மெலாவாத்தி மலைக்கோட்டையில் நேரடி ஆய்வு. பீரங்கி எந்தப் பக்கம் பார்க்கிறது, அங்கே நின்றால் எதுவரை தெரிகிறது, எதிரி எந்த வழியாக வந்திருப்பான் என்று ஆறு பக்கக் கேள்வித்தாள் தயாரித்திருந்தேன். அதற்கு மட்டும் இரண்டு வாரம் உழைத்தேன். அங்கே கூட்டமாகத் திரியும் குரங்குகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இத்தனைக்கும் நான் இந்த ஊர்க்காரி.

உலு யாமிலிருந்து வரும் அபிராமிதான் எல்லாரையும்விட ஒழுங்காக எழுதியிருந்தாள். ஐந்தாவது பக்கத்தில் இருந்தபோது மசாலா வைத்துப் பொரித்த கறிப்பாப் பொட்டலத்தைத் தாளின்மேல் வைத்தாள். ஒரு குரங்கு இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. கறிப்பாவைத் தின்றபிறகு எண்ணெய் பட்ட தாளையும் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை அபிராமி வெறும் கையோடு வந்து நின்றாள்.

“எவிடன்ஸ் இருந்துச்சு டீச்சர், குரங்கு தின்னுடுச்சு. இதுக்கு எத்தன மார்க்?”

கிராணி வீட்டுப் பெண்

தோட்டத் தொழிலாளர் பாடத்தில், உங்கள் குடும்பத்துக் கதை ஒன்றைக் கேட்டு எழுதி வாருங்கள் என்று போட்டிருந்தேன். எந்தப் பாடநூலிலும் சொல்லும் சாதாரணப் பயிற்சிதான். தாரணி ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தாள். சத்தமாக வாசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தாளை என்னிடம் நீட்டினாள். நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது அபிராமி, “நான் வாசிக்கட்டா?” என்று வாங்கிக்கொண்டாள்.

தாரணியின் கொள்ளுத்தாத்தா ரப்பர் மரம் சீவியவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கொடுக்கத் தாமதமாக வந்தார். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி அவர் பெயரை வெட்டினார்; அன்றைய கூலி போயிற்று. கெஞ்சியும் கேட்கவில்லை. எதிர்த்துப் பேசியதற்காக அந்த வாரமே குடும்பத்தைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். இதை வாசித்துக்கொண்டே வந்த அபிராமியின் குரல் நடுவில் தேய்ந்துவிட்டது. அவள் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம். அவளுடைய முன்னோர் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்தவர்கள் என்பதைப் முந்தின வகுப்பில்தான் பெருமையாகச் சொல்லியிருந்தாள். மகளை அழைத்துப்போக வந்த அவளுடைய அம்மா வாசல் கேட்டுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரிவரை அபிராமி வாசித்தாள். தாளை மடித்துத் தாரணி கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போனாள்.

அந்தப் பயிற்சியையே எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு பிள்ளை என்னை விட்டுப் போகிறது என்றும் முடிவு செய்துவிட்டேன். மூன்றாம் நாள் அபிராமியின் அம்மா போன் செய்தார். சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தேன்.

“எங்கட அப்பப்பாவும் பேர் வெட்டினவர்தான் டீச்சர். தாரணியின்ர ஆக்களின்ர பேரோ, வேற ஆக்களின்ர பேரோ, எனக்குத் தெரியாது. எங்கட வீட்டில அவரைக் ‘கண்டிப்பான மனுசன்’ எண்டுதான் சொல்லுவினம். அபிராமி ரெண்டையும் எழுதட்டும்.”

வாய்க்கால் கரை

சரித்திரத்திலேயே சமூக வாழ்க்கைப் பகுதிக்கு ஒரு நேர்காணல் தேவைப்பட்டது. தஞ்சோங் காராங்கில் நெல் போடும் ஒரு மலாய்ப் பெரியவரிடம், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுபவரிடம், வாய்க்கால் தண்ணீரை எப்படி முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று மலாயில் கேட்கவேண்டும். கேட்பது அபிராமி, எழுதுவது தாரணி என்று நான் பிரித்திருந்தேன். காரை விட்டு இறங்கியதும் தாரணி என் நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, பெயர்களை மாற்றச் சொல்லிச் சைகை செய்தாள். “நீ கேக்கிறியா?” என்றேன். தலையாட்டினாள்.

முதல் கேள்வியின் முதல் சொல்லே சிக்கிக்கொண்டது. மோட்டார் சைக்கிள் ஒன்று எங்களைக் கடந்து பாலத்தைத் தாண்டி மறையும்வரை அந்தச் சொல் வரவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. உதவிக்கு என் வாய் திறந்துவிட்டது. அபிராமி என் கையைப் பிடித்து அழுத்தினாள். பாக்சிக் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வேறு வேலையே இல்லாதவர்போல் கரையில் உட்கார்ந்தார். மலாயில் அவர் சொன்னது தமிழில் இதுதான்:

“பரவால்ல மகளே, எங்க வயலுக்குத் தண்ணியும் மெதுவாத்தான் வந்து சேருது.”

ஒன்பது கேள்வியையும் அவளே கேட்டாள்.

முடிவு வந்த காலை

எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அபிராமி பத்து மணிக்கே அழைத்துத் தன் மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டு, தாரணிக்கு என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பதினொன்று ஆனது. கேட்கப் பயமாக இருந்தது; தேறாவிட்டால் அந்தப் பிள்ளை மறுபடி கதவைச் சாத்திக்கொள்ளும். துணி துவைத்தேன், துவைத்ததையே மறுபடி அலசினேன். பன்னிரண்டு மணிக்கு முனியாண்டி கூப்பிட்டார். குரல் கம்மியிருந்ததால், போச்சு என்று நினைத்தேன்.

“எல்லாத்துலயும் பாஸ் டீச்சர், செஜாராவுல பி. நான் வாசிக்கப் போனேன், என் கையிலிருந்து போனப் புடுங்கிக்கிட்டா. வீட்டு ஆளுங்கள எல்லாம் உக்கார வச்சு ஒவ்வொரு பாடமா அவளே சத்தமா வாசிச்சா. ரொம்ப நேரம் ஆச்சு. யாரும் குறுக்க பேசல.”

இத்தனை வருடத்தில் நான் போட்ட எந்தத் திட்டமும் போட்டபடி நடந்ததில்லை. நடத்திக் காட்டியவர் உங்களில் யாராவது இருந்தால் தயவுசெய்து என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.