குழலி வாங்கிய ஸ்பிரிங் கட்டில்

என் தங்கை ஏலவார்குழலி எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள். சின்ன வயதில் தெருவில் யாராவது ஊஞ்சல் கட்டினால், மற்றப் பிள்ளைகள் முதலில் ஏறச் சண்டை போடுவார்கள். இவள் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மேலே முடிச்சை அண்ணாந்து பார்ப்பாள். முடிச்சு சரியில்லை என்றால் இறங்கி வந்துவிடுவாள். அவள் ஏறாத ஊஞ்சலில் நாங்களும் ஏற மாட்டோம்.

பெரியவளானதும் ஐ.டி.ஐ. படித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காருக்கு சீட் பெல்ட் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். பெல்ட்டை மெஷினில் மாட்டி, அறுகிற வரை இழுத்து, எந்த இடத்தில் விட்டது என்று பார்ப்பதுதான் வேலை. அவளுக்கென்றே செய்து வைத்த வேலை என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏறிய முதல் பெண் அவள்.

கணவர் அர்ஜுனன் பட்டு நெய்கிறவர். ஏனாத்தூர் போகிற வழியில் மனை வாங்கி வீடு கட்டினார்கள். பின்னால் நல்ல தோட்டம். ஒரே மகள் லக்ஷணா.

2006ஆம் வருஷம் லக்ஷணாவுக்கு ஏழு வயது. கட்டிலிலிருந்து குதித்து இடது கையை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்து, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பயம் போகவில்லை. படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவாள். பாண்டி ஆடக் கூப்பிட்டாலும் போக மாட்டாள்.

வைகாசியில் கருட சேவையை ஒட்டிப் போட்ட பொருட்காட்சிக்கு அவளைக் கூட்டிப் போனோம். அங்கே வட்டச் சட்டத்தில் ஸ்பிரிங்குகளால் விரிப்பை இழுத்துக் கட்டிய டிராம்போலின் ஒன்று இருந்தது. பிள்ளைகள் வானத்துக்கும் தரைக்குமாகத் துள்ளிக்கொண்டிருந்தார்கள். லக்ஷணா நகராமல் நின்று பார்த்தாள். ஏறச் சொன்னால் என் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். திரும்பி வருகையில், "நம்ம வூட்ல இருந்தா குதிப்பேன்மா" என்றாள். அன்றைக்கே குழலி முடிவு செய்துவிட்டாள்.

அர்ஜுனனுக்குப் பிடிக்கவில்லை. "கட்டில்லேர்ந்து வுழுந்த பொண்ணுக்கு ஸ்பிரிங் கட்டில் வாங்கித் தர்றேன்றியே?"

"வுழுந்தாலும் அடிபடாதுன்னு அவ ஒடம்புக்குத் தெரியணுங்க. நாம வாயால சொல்லிக்கினு இருந்தா தெரியாது. ஆனா இன்னொரு தபா அடிபட்டுச்சுன்னா அவ்ளோதான், ஜென்மத்துக்கும் குதிக்க மாட்டா. அதனால பாத்துதான் வாங்கணும்."

சென்னையில் பெரியமேட்டு விளையாட்டுச் சாமான் கடைக்கு நானும் குழலியும் போனோம். கடைக்காரப் பையன் பளபளவென்று ஒன்றைக் காட்டினான்.

"நூறு கிலோ தாங்கும் மேடம்."

"நின்னுக்கினு இருந்தாவா, குதிச்சாவா?"

அவன் சிரித்தான். "கொழந்தைக்குத்தானே மேடம் வாங்குறீங்க, யானைக்கில்லையே?"

"எங்க ஊர்ல கோயில் யானையும் இருக்குதுபா. குதிச்சா எவ்ளோ தாங்கும், அதைச் சொல்லு."

அவன் உள்ளே போய்க் கேட்டு வந்தான். அதற்குள் இவள் கால் குழாயின் மூடியைக் கழற்றி, சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். விரலில் துரு வந்தது. வெளியே பூச்சு, உள்ளே ஒன்றுமில்லை. சுற்றிலும் தடுப்பாகக் கட்டிய வலைக்கும் குதிக்கிற விரிப்புக்கும் நடுவில் ஸ்பிரிங்குகள் இருந்தன. "உள்ளே தடுக்கி வுழுந்தா ஸ்பிரிங் மேல இல்ல வுழும்? வலை ஸ்பிரிங்குக்கு இந்தாண்ட இருக்கணும்" என்று அதை ஒதுக்கிவிட்டாள்.

மூலையில் மங்கலாக இன்னொன்று இருந்தது. குழாய்க்கு உள்ளேயும் துத்தநாகப் பூச்சு. வலை விரிப்பின் விளிம்போடு சேர்ந்திருந்தது. ஸ்பிரிங் மேல் போடும் மெத்தை கனமாக இருந்தது. விரிப்பின் ஓரத் தையலை நகத்தால் கீறினாள். ஸ்பிரிங் மாட்டும் வளையங்களை ஒவ்வொன்றாக இழுத்தாள். அதைத்தான் வாங்கினோம்.

மறுநாள் குழலி வேலைக்குப் போயிருந்தாள். அர்ஜுனன் முருங்கைக் கிளைக்கும் கொடிக் கம்பிக்கும் எட்டாத சமதரையில் சட்டத்தை நிறுத்திவிட்டார். ஸ்பிரிங் மாட்டும்போது அவருக்கு ஒரே உற்சாகம். "புதுப் பாவு பிணைக்கிற வேலைதானே" என்றார். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீர்ந்தால் புதுப் பாவின் இழைகளை ஓரத்திலிருந்து வரிசையாகப் பழைய இழைகளோடு முறுக்கிச் சேர்ப்போம். ஒன்றைத் தாண்டி ஒன்றைத் தொடக் கூடாது. அவர் கை அந்தப் பழக்கத்திலேயே போனது. பாதிவரை சுலபமாக வந்தது. பிறகு விரிப்பு முழுக்க ஒரு பக்கமாக ஒதுங்கி, மீதி ஸ்பிரிங்குகள் எட்டவே இல்லை. சட்டத்தில் காலை உதைத்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து குழலி வந்தாள்.

"எல்லாத்தையும் கழட்டிடுங்க."

"ஒரு இழைகூட வுடலையேமா நானு!"

"வுடலைங்க. ஆனா இது வட்டம். இதுக்கு ஓரமே கெடையாது."

அவருக்குச் சட்டென்று புரிந்து, தலையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு இங்கே ஒன்று, நேர் எதிரே ஒன்று, குறுக்கே ஒன்று, அதற்கு எதிரே ஒன்று என்று மாட்டினார்கள். "இன்னாமா, பிரதட்சிணம் பண்ண வுடறே" என்று அலுத்துக்கொண்டே அர்ஜுனன் சுற்றி வந்தார். கடைசியில் விரிப்பு மத்தளத் தோல் மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பாக நின்றது.

குழலி மணல் மூட்டையை ஏணியிலிருந்து போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு கொக்கியையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு தானே ஏறிக் குதித்து, ஒரு தடவை மல்லாக்க விழுந்தாள். லக்ஷணா கொல்லைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வுழுந்தியாமா?"

"வேணும்னேதான் வுழுந்தேன். வலிக்கலை."

லக்ஷணா ஏறினாள். வலையின் ஜிப்பைத் தானே மூடிக்கொண்டாள். நடுவில் உட்கார்ந்து, முறிந்திருந்த கையால் விரிப்பை அழுத்தினாள். எழுந்து நின்றாள். பேச வாயெடுத்த என்னைக் குழலி கையமர்த்தினாள். குழந்தை கால் எழும்பாமல் லேசாக ஆடினாள். ஒரு சின்னக் குதி. பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் அந்தாண்ட திரும்பிக்கோங்க" என்றாள்.

நாங்கள் மூவரும் மதில் பக்கம் திரும்பி நின்றோம். பிறகு பின்னால் ஸ்பிரிங் முனகியது. மறுபடியும். மறுபடியும்.

மதிலைப் பார்த்தபடியே குழலி, "எல்லா ஸ்பிரிங்கும் ஒரே மாதிரிதான் இழுக்குதுக்கா" என்றாள். தாலிக்கயிற்றை இறுகப் பிடித்திருந்த அவள் கை அப்போதுதான் தளர்ந்தது.