சகலை வீட்டைவிடப் பெரிய சத்தம்

என் வீட்டுக்காரர் கடைகளுக்கு ஷட்டர் போடுகிறவர். இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்து, மேலே உருளைக்குள் ஸ்பிரிங்கை முறுக்கேற்றி, ஒரு விரலால் தூக்கினாலே சரசரவென்று ஏறுகிற மாதிரி செய்து கொடுப்பார். அவர் போட்ட ஷட்டர் பாதி வழியில் சிக்கி நின்றது என்று யாரும் சொன்னதில்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வீட்டில் அதட்டிப் பேசுவதுகூடக் கிடையாது. கடவுள் எல்லா நல்ல குணத்தையும் அளந்து போட்டுவிட்டு, கடைசியில் கை தவறி ஒரு சிட்டிகை பொறாமையையும் சேர்த்துவிட்டார். அதுவும் ஊரைப் பார்த்தெல்லாம் வராது. ஒரே ஒரு ஆள் மேல்தான். என் அக்கா வீட்டுக்காரர், இவருடைய சகலை.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க நிழலில் உட்கார்ந்து, "இப்ப தெளிவா இருக்கா? இப்ப?" என்று கேட்கிற வேலை. அதுவே இவருக்குப் பொறுக்காது. "உங்க அத்தான் சட்டையில ஒரு கறையைப் பார்த்திருக்கியா நீ?" என்பார், கிரீஸ் கையைச் சோப்புத் தூளால் தேய்த்துக்கொண்டே. அவர்கள் சோபா வாங்கினால் எங்கள் வீட்டு நாற்காலி இவரைக் குத்தும். அவர்கள் கேட் மாற்றினார்கள் என்று இவரும் தன் கையாலேயே ஒரு கேட் செய்து மாட்டினார், கோட்டை வாசல் மாதிரி. அதைத் தள்ளித் தள்ளி எனக்குத் தோள்வலி வந்ததுதான் மிச்சம்.

அதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாகத்தான் இருந்தது. அத்தான் ஹோம் தியேட்டர் வைத்த பிறகு சிரிக்க முடியவில்லை.

மாடியில் ஒரு அறை முழுக்க இருட்டுத் திரை போட்டு, பெரிய டிவி, சுற்றிலும் ஸ்பீக்கர், மூலையில் பன்னிரண்டு இன்ச் சப்வூஃபர். சப்வூஃபர் என்றால் அடிச்சத்தத்துக்கு மட்டும் தனியாக ஒரு பெட்டி. படத்தில் இடி இடித்தாலும் லாரி கவிழ்ந்தாலும் அதுதான் பேசும். காதில் கேட்பதைவிட நெஞ்சில்தான் அதிகம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் பிள்ளைகள் இரண்டும் தலையை வாரிக்கொண்டு அங்கே கிளம்பிவிடும். இவருக்கு வாரத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் ஓய்வு.

ஒருநாள் சின்னவன் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்களும் வாங்களேம்பா. பெரியப்பா வீட்டுல இடி இடிச்சா நம்ம வயித்துக்குள்ளேயே இடிக்கும்!" என்றான்.

"எனக்கு இங்கேயே இடிக்குதுடா," என்றார் இவர்.

பிள்ளைகள் போன பிறகு வெறும் கூடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை என் பிள்ளைங்க என் வீட்டுல உட்காரணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

"புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதையா ஆயிடப் போகுதுங்க."

"நான் பூனையா?"

"கதையைத்தாங்க சொன்னேன்."

சமையலறையை ஒட்டி, பழைய தகடும் ஸ்பிரிங்கும் போட்டு வைத்திருந்த அறை ஒன்று உண்டு. நாலு பக்கமும் ஒரே அளவு, சோப்பு டப்பா மாதிரி. அதைக் காலி செய்தார். டிவி வந்தது, ஸ்பீக்கர்கள் வந்தன. சப்வூஃபர் மட்டும் பாக்கி. அதைத் தேர்ந்தெடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கடைக்காரர் முதலில் ஒரு சின்னப் பெட்டியைப் போட்டுக் காட்டினார். பத்து இன்ச். அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக, சுத்தமாக விழுந்தது. இவர் தலை தன்னால் ஆடியதை நான் பார்த்தேன். கட்டை விரல்கூடத் தாளம் போட்டது.

"நிறைய வீட்டுக்கு இதுவே தாராளம் சார்," என்றார் கடைக்காரர்.

"கண்ணாடிக்கடைக்காரர் உங்ககிட்டதானே வாங்கினார்? இது அவர் வாங்கினதைவிடச் சின்னதா?"

"ஆமா சார். அவருக்குப் பன்னிரண்டு இன்ச்."

ஆடிய தலை நின்றது. "அப்ப இது வேண்டாம். அதுக்கு மேல என்ன இருக்கு?"

"அது ரூமைப் பொறுத்தது. உங்க ரூம் எவ்வளவு பெரிசு?"

"அவர் ரூமைவிடப் பெரிசு."

எனக்கு இருமல் வந்துவிட்டது. "தண்ணி குடி," என்றார் என் பக்கம் திரும்பாமலே. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். பொறாமை வந்து சொல்ல வைத்துவிட்டது. பாவம், கடைக்காரர் நம்பிவிட்டார். பதினைந்து இன்ச் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டார். என் கைப்பை கைப்பிடியோடு நடுங்கியது. இவர் பெட்டியின் தலையில் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான்," என்றார்.

வீட்டுக்கு வந்த பெட்டி பிரிட்ஜுக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. கதவைக் கழற்றித்தான் உள்ளே ஏற்ற முடிந்தது. டிவிக்குப் பக்கத்து மூலையில் வைத்து, பக்கத்திலேயே நின்று போட்டுப் பார்த்தார். சுவர் அதிர்ந்தது. முகமெல்லாம் பல். அறைக்கு நட்ட நடுவில் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டார். அதில் யாரும் உட்காரக் கூடாது, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கக் கூடாது. அது அத்தானுக்கு. முதல் இடியை அவர்தான் வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வந்தார்கள். இவரே உறையைக் கிழித்து, "உட்காருங்கண்ணே, உங்களுக்காகவே போட்டது," என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். நான் தேநீர் போடச் சமையலறைக்குப் போனேன்.

படத்தில் என்ன வெடித்ததோ தெரியாது. தட்டு அலமாரி மொத்தமும் ஆடி, பாத்திர மூடி ஒன்று குதித்து என் காலடியில் உருண்டது. பாலை இறக்கி வைத்துவிட்டு ஓடினேன். "என்னங்க, சுவர் விழுந்துடுச்சா?"

உள்ளே அத்தான் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, பெட்டிக்கு ஸ்விட்ச் போட்டீங்களா?" என்றார்.

பெரியவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். பக்கத்து வீட்டு டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "யாருங்க அங்க, வீட்டை இடிக்கிறீங்களா?" என்று கத்தினார். தெருவுக்கே கேட்கிறது, நடு நாற்காலிக்கு மட்டும் கேட்கவில்லை! இவர் அத்தானை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து பார்த்தார். ஒன்றுமில்லை. முகம் கறுத்துப் போனது.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"பெட்டி மேல குத்தமில்ல தம்பி," என்றார் அத்தான். "சதுர ரூம். சத்தம் சுவத்துல மோதித் திரும்பி வந்து, நடுவுல ஒண்ணையொண்ணு தின்னுடுது. பெட்டியைத் தூக்கி நாற்காலியில வைங்க. நாம சுவரோரமா தவழ்ந்து போகணும். எங்க நல்லாக் கேக்குதோ அங்கதான் பெட்டிக்கு இடம். கடைக்காரர் எனக்குச் சொன்னார், நான்தான் சோம்பேறித்தனப்பட்டு மூலையிலேயே விட்டுட்டேன்."

"தவழணுமா?"

"பெட்டி தரையில இருக்கப் போகுது. காதும் அந்த உயரத்துல இருக்கணும்ல?"

பெட்டி நாற்காலியில் ஏறி முழங்கத் தொடங்கியது. சகலைக்கு எதிரே, சொந்த வீட்டில், முட்டி போட வேண்டுமா என்று இவர் யோசித்தது எனக்குத் தெரிந்தது. அதற்குள் சின்னவன் நாலு காலில் கிளம்பிவிட்டான். பெரியவளும் பின்னாலேயே போனாள். வேறு வழியில்லாமல் இவரும் இறங்கினார். கண்ணாடிக்கடைக்காரர் ஒரு பக்கம், ஷட்டர்காரர் ஒரு பக்கம். அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கதான்!" என்று இவர் கதவோரத்தில் தவழ்வதை நிறுத்தினார்.

"இல்ல தம்பி, இங்க," என்றார் ஜன்னலுக்குக் கீழே அத்தான்.

"கண்ணாடி போடுற கண்ணுக்கு என்ன தெரியும், காதுண்ணே இது!"

பிள்ளைகளைக் கேட்பது என்று முடிவானது. இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்துக்கும் இந்த இடத்துக்கும் தவழ்ந்து பார்த்தன. சொல்லி வைத்தாற்போல இரண்டும் ஜன்னலைக் காட்டின.

இவர் எழுந்து நின்றார். பிடிவாதமாகக் கதவோரத்தில்தான் வைப்பார் என்று நினைத்தேன். பிள்ளைகள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு பெட்டியைக் கட்டிப் பிடித்துத் தூக்கி, ஜன்னலுக்குக் கீழே வைத்தார். அத்தான் குனிந்து பெட்டியின் சத்தத் திருகைப் பாதிக்கும் கீழே இறக்கியபோது, இவர் தன் மீசையை யாரோ மழிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். இடி இடித்தது. இந்தத் தடவை சமையலறையில் ஒரு கரண்டிகூட ஆடவில்லை. எல்லாம் அந்த அறைக்குள்ளேயே, தரையில் கிளம்பி முதுகுத்தண்டில் ஏறி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. பிள்ளைகள் கத்தின.

அத்தான் கத்தவில்லை. "இன்னொரு தடவை போடுங்க," என்றார். போட்டார்கள். "இன்னொரு தடவை." தேநீர் ஆறி ஆடை படிந்துவிட்டது. "எங்க வீட்டுல இப்படி வரலையே," என்று முணுமுணுத்தார். அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டிலேயே பார்த்து வந்த முகம்.

அன்றைக்கு இவர் வயிறாரச் சாப்பிட்டார். வாரம் முழுக்க விசிலடித்துக்கொண்டே ஷட்டர் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் தேர்ந்தெடுத்து, நாற்காலியைத் துடைத்து, பிள்ளைகளைக் கூப்பிட்டார். இரண்டும் தலையை வாரிக்கொண்டு வாசலில் நின்றன.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பெரியப்பா பதினெட்டு இன்ச் வாங்கியிருக்கார்ப்பா!" என்றான் சின்னவன். "இடம் பார்க்கணுமாம். எங்க காதுதான் சரியான காதாம், நாங்க வந்துதான் தவழணுமாம்."

பிள்ளைகள் போனதும் அந்தக் கோட்டைக் கேட் மூடிக்கொண்டது. இவர் உள்ளே போய்த் தனியாக ஒரு இடி போட்டுக் கேட்டார். சரியாகத்தான் இருந்தது. அணைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"நீங்க எங்கங்க?"

"நானும் போகலைன்னா நல்ல இடமாப் பார்த்து வச்சிடுவாங்க," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்தப் பொல்லாத குணத்தை அவரிடமிருந்து எடுத்துவிடு என்று கேட்பதற்காகக் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்தேன். 'கடவுளே, அக்கா வீட்டு மாடியில்' என்று தொடங்கியவள், அடுத்து 'ஒரு மூலையிலும் நல்ல சத்தம் வரக் கூடாது' என்று நாக்கு நுனிவரை வந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டு, வாயை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.