மிஷின் எடுக்காத விரல்

ஆள் சேர்ப்பது, பாடம் நடத்துவது, போட்டோ எடுத்து அனுப்புவது என்று மூன்று வேலைகள் கொண்டது எங்கள் தொழில். இதில் நடுவில் இருப்பதற்குத்தான் நேரமே கிடைக்காது. மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடியில், பழங்குடிப் பெண்களுக்கு மூன்று மாதம் நோயாளிப் பராமரிப்புச் சொல்லிக்கொடுக்கிறோம். இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு, இனியாவது நிம்மதியாக இருக்கலாம் என்று நானாகத் தேடிப்போய் விழுந்த வேலை இது. உங்களில் யாராவது இப்படியொரு மையத்தில் குப்பை கொட்டியிருந்தால், நான் மேலே சொல்லாமலே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே பாட்சில், பெரும்பாலும் ஒரே பெண்ணைச் சுற்றி நடந்தவை.

பத்து விரலும் பார்த்தாச்சு

கன்னியம்மா இருளர் பெண். வயது இருபத்திரண்டு. பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஏரிக்கரையோடு ஒரு மணி நேரம் நடந்தால் அவள் ஊர். ஒன்பது வயதிலிருந்து செங்கல் சூளையில் கல் அறுத்தவள். எங்கள் மையத்தில் தினமும் காலையில் மிஷினில் விரல் வைத்தால்தான் வருகை. வருகை இருந்தால்தான் சான்றிதழ். இவள் விரலை மிஷின் எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பாஸ்கர் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைக்கச் சொன்னான். சோப்புப் போட்டுக் கழுவினோம், எண்ணெய் தடவினோம். ம்ஹூம். களிமண்ணும் மணலும் தேய்த்துத் தேய்த்து ரேகையே மழுங்கிப்போயிருந்தது. ஆதாருக்குக் கண்ணைப் படம் எடுத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். எங்கள் மிஷினில் அந்த வசதி கிடையாது.

பாஸ்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னான். அவள் பெயரில் தன் விரலைப் பதிந்துவிடுகிறானாம், தினமும் அவனே வைத்துவிடுவானாம். எனக்கு வந்ததே கோபம்! என் சர்வீஸில் ஒரு பொய் என்ட்ரி போட்டதில்லை என்று பெருமை வேறு பேசினேன். அவன் சிரித்துக்கொண்டே மிஷினைத் துடைத்தான்.

"இன்னா மேடம் நீங்க! அந்தப் பொண்ணு டெய்லி வந்துகினுதானே கீது? மிஷினுக்கு யாரு வெரலுன்னா தெரியப்போவுது?"

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால்

எங்கள் பாடப்புத்தகத்தில் எல்லா அவசரத்துக்கும் முதல் வரி ஒன்றுதான்: ஆம்புலன்ஸைக் கூப்பிடவும். மூச்சுத்திணறலா, கூப்பிடவும். பாம்புக் கடியா, கூப்பிடவும். எழுதியவருக்கு அதற்குமேல் யோசிக்கச் சோம்பல். நானும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே நடத்திக்கொண்டிருந்தேன். மற்ற பெண்கள் எழுதிக்கொண்டார்கள். கன்னியம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் அம்மாவுக்கு இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு. கட்டிலோடு தூக்கிக்கொண்டு நான்கு பேர் ஏரிக்கரையில் நடந்திருக்கிறார்கள். ரோட்டைத் தொடும் முன் முடிந்துவிட்டது. கன்னியம்மாவுக்கு அப்போது பத்து வயது. கட்டிலுக்குப் பின்னாலேயே ஓடியிருக்கிறாள். இதையெல்லாம் அழாமல், ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். நான் புத்தகத்தை மூடினேன்.

"எங்க ஊருக்கு அந்த வண்டி வராது டீச்சர். வண்டிகிட்ட போய்ச் சேர்ற வரைக்கும் என்ன பண்ணணும், அதச் சொல்லிக் குடுங்க."

பெரியவர் வந்தார்

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். வந்ததும் வராததுமாக, பாரம்பரிய நடனம் ஏதாவது உண்டா என்றார். பிளாஸ்டிக் பொம்மையைப் புரட்டிப் போட்டுப் படுக்கைப்புண் பாடம் நடந்துகொண்டிருந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெண்களை வரிசையாக நிறுத்தி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டி போட்டோ எடுத்துக்கொண்டார். கன்னியம்மாவிடம், "நீங்கள்லாம் பாம்பு பிடிப்பீங்களாமே?" என்று ஆசையாகக் கேட்டார்.

சந்தர்ப்பம் பார்த்து விரல் விவகாரத்தை அவர் காதில் போட்டேன். எழுத்துமூலம் கொடுங்கள், உடனே சரிசெய்கிறேன் என்றார். அன்றைக்கே, ஒன்றுக்கு இரண்டு பக்கமாக, கடிதம் எழுதி அனுப்பினேன். நேர்வழியில் போனால் நடக்கும் என்று பாஸ்கருக்குக் காட்டவேண்டும் என்ற வீம்பும் அதில் இருந்தது, மறைப்பானேன். அதிகாரி கிளம்பும்போது மறுபடி நடனத்தை ஆரம்பித்தார். கன்னியம்மா பி.பி. பார்க்கும் கருவியோடு முன்னால் வந்து நின்றாள்.

"ஆட்டம்லாம் எனக்கு வராது சார். பி.பி. பாக்க வரும். கைய நீட்டுங்க."

அபிராமபுரத்து வீடு

செய்முறைப் பயிற்சிக்கு இரண்டு வாரம் அவளை அபிராமபுரத்தில் ஒரு வீட்டில் விட்டோம். பக்கவாதத்தில் விழுந்த மாமா, அவரைப் பார்த்துக்கொள்ள முடியாமல் இடுப்பு ஒடிந்துபோன மாமி. பிள்ளை வெளிநாட்டில். நான் முதல் வாரம் போனபோது, மாமாவின் முதுகில் இருந்த புண் காய ஆரம்பித்திருந்தது. இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைத்து, நேரத்தை நோட்டில் குறித்திருந்தாள். என்னுடைய ஆஸ்பத்திரி நாட்களில்கூட அவ்வளவு ஒழுங்கான நோட்டை அதிகம் பார்த்ததில்லை.

பின்கட்டில் அவளுக்கென்று ஒரு தனி டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கன்னியம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்காமல் காபியைக் குடித்துவிட்டு எழுந்தேன். என்னுடையது எவர்சில்வர் டபராவில் வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, இப்போது எழுதும்போது. நிரந்தர வேலை, தங்க இடம் இரண்டும் அவளுக்குக் கிடைக்கப்போகிறதே என்று வாயை மூடிக்கொண்டேன். வாசல் வரை வந்து வழியனுப்பினாள் மாமி.

"பொண்ணு தங்கம். எங்காத்துலயே இருக்கட்டும். ஆனா சர்டிபிகேட்டக் காட்டினாத்தான் என் பிள்ளை சரிம்பான், கேட்டேளா?"

ஒன்பது சான்றிதழ்

பாட்சில் பத்துப் பேர். வந்தது ஒன்பது சான்றிதழ். கன்னியம்மாவுடையது இல்லை. நான் எழுதிய கடிதத்தைப் பார்த்துவிட்டு அவள் பெயருக்கு நேரே 'விசாரணையில்' என்று போட்டுப் பூட்டிவைத்துவிட்டார்கள். வருகை பூஜ்யம். மூன்று மாதமும் முதல் ஆளாக வந்து பெஞ்சைத் துடைத்தவளுக்கு!

உறைகளைப் புரட்டினால் செல்வியின் பெயரில் ஒன்று இருந்தது. செல்வி இரண்டாவது வாரமே கல்யாணம் என்று ஊருக்குப் போனவள், திரும்பவே இல்லை. வருகையோ ஒருநாள் விடாமல் இருந்தது. தலை எண்ணிக்கை குறையக்கூடாது என்று மேலேயிருந்து சொன்னார்களாம்; பாஸ்கர் தன் கட்டைவிரலை அவள் பெயரில் ஏற்றிவிட்டிருக்கிறான். அவன்மேல் கத்தினேன். கத்தி முடித்தபிறகு, முதல் வாரமே கன்னியம்மாவுக்கு இதைச் செய்யட்டுமா என்று கேட்டவனும் இவன்தானே என்பது உறைத்தது. அவன் உறைகளைத் திரும்ப அடுக்கிவைத்தான்.

"ஆளு இல்லேன்னா எந்த வெரலு வேணா வெக்கலாம் மேடம். ஆளு இருந்தாத்தான் பேஜாரு."

போனில்

மாமியிடம் போய்க் கெஞ்சினேன். என் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. ஏஜென்சி மூலம் வேறொரு பெண் வந்துவிட்டாள், சான்றிதழோடு. தலைமை அலுவலகத்துக்கு மறுபடி எழுதினேன். 'பயனாளியைக் கைரேகையுடன் நேரில் அனுப்பவும்' என்று பதில் வந்தது. கன்னியம்மா ஒரு மாதம் எங்கள் மையத்தின் விடுதியில் காத்திருந்து பார்த்தாள். அடுத்த பாட்சுக்கு இடம் வேண்டுமென்று அவளைக் காலிசெய்யச் சொன்னதும் நான்தான்.

இரண்டு மாதம் கழித்து அவளே போன் செய்தாள். பின்னால் லாரி சத்தம். திருவள்ளூர்ப் பக்கம் சூளையில் சேர்ந்துவிட்டாளாம். அங்கே ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்தபோது ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காப்பாற்றியதைச் சந்தோஷமாகச் சொன்னாள். "திரும்பவும் அங்கேயேவா போகணும் நீ?" என்று மட்டும் கேட்டேன். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"இங்க மிஷின் கிடையாது டீச்சர். மேஸ்திரி ரெண்டு கையையும் திருப்பிப் பாத்தாரு, உடனே சேத்துக்கிட்டாரு."

அந்த பாட்சில் முழுப்பயிற்சி பெற்றுத் தேறியவள் நான் ஒருத்திதான்: இப்போதெல்லாம் யார் விரலையாவது மிஷின் எடுக்காவிட்டால் நான் கடிதம் எழுதுவதில்லை, பாஸ்கரைக் கூப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.