தொண்டைகட்டிக் கோஷ்டி

முத்துப்பேச்சிக்குப் பாட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைச் சண்டைக்கு இழுக்கக் கூடாது. ஏலப்பாறைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் அவளும் நானும் அடுத்தடுத்த நிரையில், அதாவது செடி வரிசையில், கொழுந்து கிள்ளினோம். அவள் கூப்பிட்டால் எதிர்மலை மாடு திரும்பிப் பார்க்கும். அப்படியொரு கட்டைக் குரல்.

எழுபத்தாறாம் வருஷம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதமே வேலைக்கு வந்துவிட்டாள். கைக்குழந்தைகளை மலையடியில் ஒரு கொட்டகையில் விட்டிருப்போம். பால் கொடுக்க ஒருத்தி இறங்கிப் போனால், வருவதற்குள் சூப்பர்வைசர் அவள் நிரையைப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அவளுக்கு மிஞ்சுவது பாறை ஓரத்தில் நாலு செடி, அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. அப்படி முத்துப்பேச்சியின் நிரையை எத்தனையோ தடவை வாங்கிக்கொண்டவள் நான்தான். கூடை நிறைந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் நிரை போய்விடுமே என்று பயந்து அவள் இறங்கவேயில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால், குழந்தை அழுது அழுது சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து மூடியது. முத்துப்பேச்சி என் பக்கம் திரும்பினாள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"இதைப் பாட்டாக் கட்டி மைக்குல கத்தணும் ராமுத்தாய். நீ தகரம் அடி," என்றாள்.

கோஷ்டி பிறந்தது அப்படித்தான். மாதா கோயிலில் வாசிக்கும் ஏசுரத்தினம் இரண்டு கம்பி அறுந்த கித்தாரோடு வந்தான். எனக்கு மண்ணெண்ணெய் டின். துணி துவைக்கும் ஓடைக்கரையில் பழகினோம். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீடுகளின் ஆண்கள் 'தொண்டைகட்டிக் கோஷ்டி' என்று கேலி செய்தார்கள். அவள் அதையே பெயராக வைத்துக்கொண்டாள்.

மொத்தம் மூன்றே கச்சேரி. அம்மன் கொடையில் பெண்கள் ஒரு சாமி பாட்டுப் பாடிவிட்டு இறங்குவது வழக்கம். இவள் மேடையேறி, "புள்ள அழுவுது, போயிட்டு வாரேன், என் நிரை இருக்கட்டும்" என்று கத்தினாள். கமிட்டிக்காரர் மைக் வயரைப் பிடுங்கினார். அவளுக்கு மைக் எதற்கு? கீழே இருந்த பெண்களும் கூடவே கத்தினார்கள். அடுத்து மாதா கோயில் திருவிழா. பாதிப் பாட்டில் இறக்கிவிட்டார்கள். மூன்றாவது, காலையில் பேர் படித்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகவே. இனி வேலை நேரத்தில் இறங்கினால் அவள் பேரையே வெட்டிவிடுவதாக அவர் சொன்னார்.

அன்று பதினொரு மணிக்கு அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, நின்ற இடத்துச் செடிமேல் போட்டுவிட்டு இறங்கினாள். சூப்பர்வைசர் அந்த நிரையை என்னை எடுக்கச் சொன்னார். என் வேலையும் போனால் வீட்டில் மூன்று பிள்ளைகள் என்ன தின்னும்?

"அது முத்துப்பேச்சி நிரை அய்யா. இருக்கட்டும்," என்றேன்.

அடுத்தவளைக் கேட்டார். அவளும் இருக்கட்டும் என்றாள். மலைச்சரிவு முழுக்கக் கேட்டுப் பார்த்தார், ஒருத்தியும் அசையவில்லை. கொழுந்து முற்றும் சமயத்தில் எத்தனை பேரை வெட்டுவார்? அந்த வாரமே, பால் கொடுக்கப் போகிறவளின் நிரையைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது.

ஏசுரத்தினம் வேலை கிடைத்துச் சித்திரபுரம் மலைக்குப் போனான். டின் துருப்பிடித்தது. கோஷ்டியின் ஆயுசு ஐந்தே மாதம்.

எழுபத்தொன்பதில் முத்துப்பேச்சிக்கு இரண்டாவது குழந்தை. அவள் கொட்டகைக்குக் கிளம்பும்போது, சித்திரபுரத்திலிருந்து எங்கள் லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதுப்பெண் ஓடிவந்து தடுத்தாள்.

"அக்கா, சும்மா போகாதீங்க. சாக்கைச் செடிமேல போட்டுட்டு, 'என் நிரை இருக்கட்டும்'னு பாடிட்டுப் போங்க. எங்க மலையிலயும் அதான் வழக்கம். ரொம்பக் காலமா இருக்கு."

யாரிடம் சொல்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். முத்துப்பேச்சி என் கையைக் கிள்ளினாள். எப்படிப் பாட வேண்டும் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டாள். அவள் குயில் மாதிரி பாடிக் காட்டினாள்.

"இம்புட்டு மெதுவாப் பாடினா எவனுக்குடி கேக்கும்?" என்றாள் முத்துப்பேச்சி. சாக்கைப் போட்டுவிட்டு, பழைய கட்டைக் குரலில் ஒரு கத்து கத்தினாள். எதிர்மலையிலிருந்து இருபது பெண்கள், "இருக்கட்டும்" என்று பதில் கொடுத்தார்கள். அவள் அவசரமே இல்லாமல் குழந்தையிடம் இறங்கிப் போனாள்.