ராஜாராமன் வீட்டு ஏழுகறி

ஏழுகறிக் கூட்டை ஒரு ஆளுக்கு மட்டும் வைக்க முடியாது. எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரராக இருந்தாலும் முடியாது. பரங்கிக்காயில் ஒரு கீற்று, சேனையில் ஒரு துண்டு, சேப்பங்கிழங்கு நாலு, சர்க்கரைவள்ளி ஒன்று என்று கையை இறுக்கிப் பிடித்து வாங்கினாலும், ஏழு காயையும் நறுக்கிப் போட்டால் பானை நிறைந்துவிடும். பையைச் சுமந்துகொண்டு வில்லாபுரம் வீட்டுக்கு வந்து, தரையில் கொட்டிப் பார்த்த பிறகுதான் ராஜாராமனுக்கு இது உறைத்தது. வீட்டில் இருப்பது அவர் ஒருவர்தான்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் காலமெல்லாம் குப்பை கொட்டிவிட்டு ரிடையரான மனிதர். மதுரை ஆவணி மூல வீதியில், ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் இருந்த ஸ்டோரில் பிறந்து, அங்கேயே ஸ்யாமளாவைக் கைப்பிடித்து, அங்கேயே அவளைப் பறிகொடுத்தார். அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றதும், ஹைதராபாத்தில் இருக்கும் மகன் கிரீஷ் இந்த வீட்டைப் பார்த்துக் குடிவைத்துவிட்டுப் போனான். வீட்டைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் வருகிறது, காற்று வருகிறது. ஆள்தான் வருவதில்லை.

ஸ்யாமளா இறந்த வருஷம் பண்டிகை எதுவும் கிடையாது. இந்த வருஷம் மார்கழி பிறந்ததிலிருந்தே, திருவாதிரைக்குக் களியும் ஏழுகறியும் செய்தே தீருவது என்று அவருக்குள் ஒரு பிடிவாதம். கேட்டரிங்கில் சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களே என்றான் கிரீஷ் போனில். சாப்பிட்டாயா என்று அவர் பேச்சை மாற்றினார். சுமங்கலிகள் தாலிக்காக நோற்கும் நோன்பு அது. பெண்டாட்டி போன வீட்டில் அதைச் செய்யலாமா? யாரையாவது கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து யாரையும் கேட்கவில்லை. யாராவது வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால், செய்தது சரிதான் என்று தன்னால் ஆகிவிடும். அப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

பக்கத்து வீட்டில் மினி லாரி ஓட்டும் பாண்டிராஜ், அவர் மனைவி அன்னக்கொடி. பாண்டிராஜ் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டவரைக் கூப்பிட்டுச் சோறு போடுவது புண்ணியம் அல்லவா? முதல் நாள் சாயங்காலம் அன்னக்கொடி வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது ராஜாராமன் போய் நின்றார்.

"நாளைக்கு எங்க வீட்ல ஏழுகறி. சாமியை அழைச்சிண்டு நீங்க அவசியம் சாப்பிட வரணும்."

அன்னக்கொடி வாளியும் கையுமாக அவரையே பார்த்தாள். "பாப்போம் சார்" என்று மட்டும் சொன்னாள்.

கோளாறு எங்கே என்று மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ராஜாராமன் வீட்டில் கறி என்றால் காய். அன்னக்கொடி வீட்டில், ஏன், ஊர் முழுக்கவே, கறி என்றால் ஆட்டுக்கறி. மனுஷருக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். கறிக்கடையைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்கிறவர்தான். ஆனால் ஏழுகறி என்பது அவருக்கு ஒரே சொல். அதைப் பிரித்துப் பார்க்க இத்தனை வயசுக்கும் தோன்றியதில்லை. மார்கழியில், மாலை போட்ட சாமியை, ஐயர் ஏழு வகைக் கறி தின்னக் கூப்பிடுகிறார் என்று அன்னக்கொடி போய்ப் புருஷனிடம் சொன்னாள். பொண்டாட்டி போய்விட்டால் கேட்க ஆள் ஏது என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிச் சரணம் சொன்னார்.

மறுநாள் விடியுமுன் ராஜாராமன் குளித்துவிட்டு அடுப்படியில் இறங்கினார். சேனை வேக நேரமாகும், முதலில் அது. பரங்கி சட்டென்று குழைந்துவிடும், கடைசியில் அது. ஸ்யாமளா சமைக்கும்போது வாய் ஓயாமல் சொல்லுவாள். அவர் பேப்பரில் முகத்தை வைத்துக்கொண்டு காதில் விழாத மாதிரி இருப்பார். எல்லாம் விழுந்துதான் இருக்கிறது. மல்லியும் மிளகாயும் வறுத்துத் தேங்காயோடு அரைத்து, புளித்தண்ணீரில் கொதித்துக்கொண்டிருந்த காய்களோடு சேர்த்தார். வெந்த பருப்பையும் கொட்டிக் கிளறியபோது வாசனை எழுந்தது. சொதப்பிவிடுவோம் என்று பயந்தது போக, அச்சு அசல் அவள் வைத்தது மாதிரியே இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, களியையும் கிளறி இறக்கி, வாழை இலைகளைக் கழுவி வைத்தார்.

மதியம் தாண்டியும் யாரும் வரவில்லை. சாமிக்கு வரக் கூச்சமாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கூட்டைத் தூக்குச்சட்டியில் ஊற்றி எடுத்துக்கொண்டு அவரே போனார். அன்னக்கொடி படியிலேயே மறித்தாள்.

"உள்ள கொண்டாராதீங்க சார். சாமி வீட்ல இருக்காரு. தப்பா நெனைக்காதீங்க."

அவர் தப்பாகத்தான் நினைத்தார். பெண்டாட்டி இல்லாதவன் செய்த நோன்புச் சமையல் சுமங்கலி வீட்டுக்குள் எப்படிப் போகும்? யாரிடமும் கேட்காமல் விட்டதற்கு இந்தப் படியில் பதில் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டியை அடுப்பு மேடையில் வைத்தார். அவரும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் பாண்டிராஜ் பஜனைக்குக் கிளம்பிப் போனதும் அன்னக்கொடிக்கு மனசு கேட்கவில்லை. வந்து கதவைத் தட்டினாள்.

"வீட்டம்மா போன துக்கம் இருக்கும்தான் சார். அதுக்காக நீங்க போயி, அதுவும் மார்கழியில, கறி திங்கலாமா?"

ராஜாராமனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடுப்படிக்குக் கூட்டிப்போய்ப் பானையைத் திறந்து காட்டினார். அவள் எட்டிப் பார்த்தாள். நம்பாமல் கரண்டியை விட்டுக் கிண்டினாள். பரங்கி, சேனை, மொச்சை, அவரை. சிரிப்பு தாங்காமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். விஷயம் விளங்கியதும் அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. ஒரு கிண்ணத்தில் வாங்கி நின்றபடியே தின்றவள், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

"காய்க்குழம்புன்னு சொல்லியிருந்தா மதியமே வந்திருப்போம்ல. எதுக்கு சார் கறின்னீங்க?"

"எங்காத்துல எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவோம்."

"எல்லாரும்னா யாரு சார்?"

அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ராஜாராமன் சொல்ல வாயெடுத்தார். ஸ்டோர்க்காரர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். கிரீஷ் வீட்டில் குழந்தைகளுக்குத் தமிழே ததிங்கிணத்தோம். ஏழுகறி என்றால் இன்னதென்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்துகொள்ள ஸ்யாமளா ஒருத்தி இருந்தாள்.

"நான்தாம்மா" என்றார்.