பூச்சி தொடாத இலை

2004 பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினேன். எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். சென்னையிலிருந்து இரவெல்லாம் உட்கார்ந்தே வந்ததில் முதுகு விண்விண் என்றது. வழக்கமாக ஆண்டிபட்டி தாண்டியதும் மலையைப் பார்த்து மனசு லேசாகும். அன்று கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலேரியாக் கிருமியை எந்தச் செடியின் சாறு கொல்கிறது என்று சோதிப்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. ராயப்பன்பட்டி ஆரோக்கியமேரி எங்களுக்கு மூலிகை பறித்து அனுப்புகிறவர். அவர் அனுப்பிய நிலவேம்பு, கண்ணாடித் தட்டிலிருந்த கிருமிகளை அடியோடு ஒழித்தது. லட்டு வாங்கிச் சாப்பிட்டோம், அவருக்கும் போன் போட்டுச் சொன்னோம். பிறகு சுருளி மலைச் சரிவில் நாங்களே பறித்த நிலவேம்பைச் சோதித்தால், கிருமிகள் ஜம்மென்று பெருகின. திரும்பச் சோதித்தும் அதே கதை. மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான், வியாழக்கிழமை, எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேரி கூப்பிட்டார்.

"எங்க வீட்டுக்காரவுக நாளைக்கு ஒரிசாவுக்குப் போர்வெல் லாரி வேலைக்குப் போறாக சார். போன வருசம் அங்கன மலேரியா வந்து பொழச்சதே பெருசு. ஆஸ்பத்திரி மாத்திரை போட்டா வாந்தி வருதுன்னு வேணாங்கிறாக. அதான் நம்ம எலையவே பொடிச்சுக் குடுத்துவிடுறேன்."

"மாத்திரையை நிறுத்தாதீங்கம்மா" என்று நான் கத்தும்போதே லைன் போய்விட்டது. திரும்ப அழைத்தால் யாரும் எடுக்கவில்லை.

தேனியில் பஸ் மாறி, பத்து மணிக்கு உத்தமபாளையம். அங்கிருந்து ராயப்பன்பட்டிக்கு ஆட்டோ எழுபது ரூபாய். பேரம் பேசப் பொறுமையில்லை. வழியெங்கும் பன்னீர் திராட்சைப் பந்தல்கள். ஓரிடத்தில் நெடி மூக்கைத் துளைத்தது. ஓட்டுநர் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"கர்சீப்பு இருந்தா பொத்திக்கங்க சார். பந்தலுக்கு ஸ்பிரே அடிக்கிறாக. கீழ ஈ எறும்பு தங்காது."

ஆட்டோவை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னேன்.

மேரியின் கணவர் அந்தோணி பையைக் கட்டி வைத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் காபிகூட வாங்காமல் மேரியிடம் கேட்டேன்: "அந்த நிலவேம்பை எங்கே பறிச்சீங்க?"

வீட்டுக்குப் பின்னால், அவர் கூலி வேலை பார்க்கும் திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். பந்தல் நிழலில் முழங்கால் உயரத்துக்கு நிலவேம்பு தளதளவென்று நின்றது.

"லேபுக்குப் போறதாச்சேன்னு ஒவ்வொரு எலையாப் பெரட்டிப் பாத்து, பூச்சி தொடாததா எடுத்தேன் சார். மலையில உள்ளது பூராம் ஓட்ட ஓட்டையா இருக்கும்."

பந்தலுக்கு அடித்தது சொட்டிச் சொட்டிக் கீழே இருந்த இலைகளிலும் ஏறியிருக்கிறது. எங்கள் தட்டில் கிருமியைக் கொன்றது நிலவேம்பு அல்ல, அந்த விஷம். சொல்ல நா கூசியது. சொன்னேன்.

"ரெண்டு தண்ணி அலசினேனே சார்" என்றார் மேரி. முகம் சிறுத்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பி அந்தோணியிடமும் சொன்னோம். பையை அவிழ்த்துப் பொடிப் பொட்டலத்தை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அதை அவர் எவ்வளவு மெதுவாகக் கொடுத்தார் என்பதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

மூவரும் வாசலில் காத்திருந்த அதே ஆட்டோவில் உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெறும் வயிற்றில் போட்டதால்தான் வாந்தி, சாப்பிட்டபின் போடுங்கள் என்றார் டாக்டர். மாத்திரைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு மணி திண்டுக்கல் பஸ்ஸில் அந்தோணி ஏறினார். ஜன்னல் வழியாகக் கையாட்டினார். அந்த மட்டில் எனக்கு மூச்சு வந்தது.

சென்னையில் ஒரு முடிவு தவறினால், தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுத்த செடியை எடுப்போம். நிலவேம்பையும் இனி அப்படித்தான் கவிழ்ப்போம். இங்கே ஒரு பெண் இலை இலையாகப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அந்த லட்டுச் சந்தோஷத்தை இவருக்குப் போனில் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

என் பஸ் வந்தது. படியில் கால் வைத்தபோது மேரி கூடவே வந்தார். கையில் அந்தப் பொட்டலம் இன்னும் இருந்தது.

"அடுத்த மொற மலைக்கே போயி, பூச்சி அரிச்ச எலையாப் பாத்துப் பறிச்சு அனுப்பவா சார்?"

சுருளியில் நாங்கள் பறித்தது அந்த ஓட்டை இலைகளைத்தான்; அவை ஒரு கிருமியையும் கொல்லவில்லை. அதைச் சொல்லாமலே படி ஏறினேன். கண்டக்டர் விசில் ஊதினார்.